பின் ரூம் சுவிட்ச்

எங்க குவார்ட்டர்ஸ்ல ஆம்ப்ளிஃபயர் ஒண்ணுதான். அதுலேர்ந்து ஹால், சமையல்கட்டு, பின் ரூம்னு மூணு இடத்துக்கும் ஒவ்வொரு ஜோடி ஸ்பீக்கர் இழுத்தவன் நான். வேலை கிடைக்காம வீட்ல குந்திக்கினு இருந்தவனுக்கு வேற என்ன பொழப்பு? அம்மாவுக்கோ பாட்டு ஓடினாத்தான் உலை கொதிக்கும்.

அப்பாவுக்கு மைன்ஸ்ல வாராவாரம் ஷிப்ட் மாறும். நைட் ஷிப்ட் வாரத்துல பகல்ல பின் ரூம்லதான் தூங்குவார். "உன் கச்சேரியில மனுஷன் தூங்க வேணாமாடா? இந்த ரூமுக்குத் தனியா ஒரு சுவிட்ச் வை"ன்னார். வச்சேன். அவர் தலைமாட்டுல பாலை மூடி வச்சுட்டு அம்மாதான் அதை அணைப்பாங்க. மத்த ரெண்டு இடத்துலயும் பாட்டு மெதுவா ஓடும். ஆனா மூணையும் ஒரே முனையில மாட்டினதால ஆம்ப்ளிஃபயர் தோசைக்கல்லாட்டம் சுடும், பியூஸ் போய்க்கினே இருக்கும்.

அப்பா மாரடைப்புல போனார். காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க பஸ் ஏறினப்புறம் வீடு கம்முனு ஆயிடுச்சு. அம்மா அழலை, பேசலை. வச்ச சோறு வச்சபடி கிடந்தது. எனக்கும் அழுகை வரலை. மரத்துப் போயிருந்தேன். பாட்டுச் சத்தம் கேட்டா அம்மா எழுந்து வருவாங்களோன்னு ஒரு நப்பாசை. பியூஸ் போகாம ஓடட்டும்னு ஸ்பீக்கர்களை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணாக் கோர்த்து மாட்டினேன். சூடு நின்னுச்சு. இப்படிக் கோர்த்தா ஒரு இடத்துல இணைப்பு விட்டாலும் மொத்தமும் ஊமைதான். பின் ரூம் சுவிட்சைக் கழட்டியிருக்கணும். இனிமே அதை யாரு அணைக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்.

பாட்டு ஓடுச்சு. அம்மா எழுந்து உலை வச்சாங்க. அப்பாடான்னு இருந்தது.

ஒரு திங்கக்கிழமை காலையில மூணும் பட்டுனு நின்னுச்சு. பியூஸைப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது. ஒயரைப் பிடிச்சுக்கினே போனா, பின் ரூம்ல சுவிட்ச் அணைஞ்சிருக்கு. கட்டில்ல போர்வை விரிச்சிருக்கு. தலைமாட்டுல மூடி வச்ச பால்.

"சத்தம் போடாதடா. அப்பாவுக்கு இந்த வாரம் நைட்"னாங்க அம்மா, குசுகுசுன்னு.

சுவிட்சைப் போட எனக்குக் கை போகலை. அந்த வாரம் முழுக்க நானும் வீட்டுக்குள்ள மெதுவாத்தான் நடந்தேன்.

அடுத்த திங்கக்கிழமை மூணு இடத்துலயும் பாட்டு கேட்டுச்சு. அம்மா டிபன் கேரியரைக் கட்டிக்கினு இருந்தாங்க. "செகண்ட் ஷிப்டுக்குப் போறவர் இதை மறந்துட்டுப் போயிட்டார் பாரு. ஓடிப்போய்க் குடுத்துட்டு வாடா, பஸ் கிளம்பிடப் போவுது"ன்னாங்க.

வாங்கிக்கினு போனேன்.