ஜெனரேட்டர்காரரின் கேள்விக் கொப்பி

புதுக்குடியிருப்பில் ஒரு கணினி வகுப்பு இருந்தது. போரால் மின்சாரம் இல்லாத காலம். மண்ணெண்ணெய் ஜெனரேட்டரில்தான் கணினிகள் ஓடின. அதைக் கவனித்தவர் மெலிந்து உயர்ந்த ஒருவர். இடுப்பில் கட்டிய சாரத்தில் எப்போதும் கரி படிந்திருக்கும். வகுப்பிலிருந்து யார் வெளியே வந்தாலும், "இண்டைக்கு என்ன பிழையாப் போச்சுது?" என்று கேட்பார்.

ஒருநாள் அங்கே இருந்து, நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கரும்பலகைகள் கேட்டு மனு ஒன்றை அடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வவுனியாவுக்குப் போகும் வாகனத்தில் அதை அனுப்பியாக வேண்டும். கை எங்கோ பட்டு, அடித்திருந்த மூன்று பக்கங்களும் திரையிலிருந்து மறைந்துவிட்டன. கணினி படிப்பிக்கிறவரும் அன்று வரவில்லை. அழாக்குறையாக வெளியே ஓடினேன்.

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு கேள்வியும் விடையுமாக எழுதிய ஒரு கொப்பியை விரித்தார். "எழுதினது முழுக்கக் காணேல்லை" என்ற கேள்வியின் கீழே விடை இருந்தது: "கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தவும். வேறொன்றையும் தொடவேண்டாம்."

அழுத்தினேன். மனு திரும்பி வந்தது.

"நீங்கள் எங்க கம்பியூட்டர் படிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் கம்பியூட்டருக்கு முன்னால கதிரையில இருந்ததே இல்லை, ரீச்சர். பிழை விட்ட ஆக்கள் வந்து சொல்லுவினம். பிறகு சரிவந்தா, என்ன செய்தவை எண்டு கேட்டு எழுதுவன்."

"இப்ப ஒருக்கா வந்து இருந்து பாருங்கோவன்."

வாசல்வரை மட்டும் வந்தார். "அழுத்தின உடனயே வந்ததோ, கொஞ்சம் செண்டு வந்ததோ?"

"கொஞ்சம் செண்டுதான்."

விடையின் கீழே "பதறாமல் பொறுக்கவும்" என்று எழுதிக்கொண்டு ஜெனரேட்டரடிக்குத் திரும்பினார். அந்தக் கதிரையில் ஒருதரமாவது இருந்து பார்க்க அவருக்கு ஏன் ஆசை வரவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.