பலகை ஓரத்துப் போன்

என் தங்கை கணக்கு டீச்சர். புருஷன் போனபிறகு மகளோடு என் வீட்டில்தான் இருக்கிறாள். நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுவது அவள் சம்பளத்தில். நான் ஐந்தாவதோடு நின்றவள். அவள் பலகையில் எழுதுவதெல்லாம் எனக்கு ஆண்டவன் எழுத்து மாதிரி.

நடத்துகிற பாடத்தை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று பள்ளியில் உத்தரவு வந்தது. கடைசி பெஞ்சில் போனை நிறுத்தி எடுத்து வந்தவள், அடுப்படியில் என்னிடம் காட்டினாள்.

முதுகைக் காட்டிக்கொண்டு முக்கோணம் வரைகிறாள். "டீச்சர், புரியல" என்றது ஒரு பிள்ளை. இவள் திரும்பவில்லை. "டீச்சர்!" என்று மறுபடியும் கத்தியது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. இவள் பாட்டுக்குக் கோடு போடுகிறாள்.

"ஏண்டி, அந்தப் புள்ள அப்படிக் கத்துதே, திரும்பக் கூடாதா?"

"எந்தப் புள்ள?"

சத்தத்தைக் கூட்டி, போனை அவள் காதோரம் வைத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"கொஞ்ச நாளாவே காது மந்தம்தான்க்கா. அழுக்குன்னு நெனச்சேன். பெரிய டீச்சர் இதப் பாத்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"சத்தத்த மட்டும் எடுத்துட முடியாதா?"

"ஊமப்படமா அனுப்பச் சொல்ற?" சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணியது.

மறுநாள் போனைப் பலகை ஓரத்தில் சாய்த்து, செல்ஃபி கேமராவைப் போட்டாள். எழுதும்போதே பின்னால் யார் கை தூக்குகிறார்கள் என்று திரையில் தெரியும், பஸ் டிரைவருக்குக் கண்ணாடி மாதிரி. அதையே பாடமாக அனுப்பியும் விட்டாள். பயத்தில் ஒன்றை யோசிக்கவில்லை: அந்த வீடியோவில் பலகையே இல்லை.

பெரிய டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். அவள் திரும்பி வரும்வரை நான் சாமி படத்தின் முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை.

"'கணக்கு எங்கம்மா? புள்ளைங்க மூஞ்சிதான இருக்கு'ன்னாங்க. பொய் வரலக்கா. சொல்லிட்டேன்."

"திட்டினாங்களா?"

"இல்ல. காது டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வா, அப்புறம் பேசலாம்னாங்க."

"அப்ப வேல?"

"கேக்கப் பயமா இருந்துச்சு. தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்."

இப்போது காது ஆஸ்பத்திரியில், கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டுமாம். வலது காதுக்குத் தூக்கினாள். இடது காதுக்கு மாற்றியிருக்கிறார்கள். டாக்டர் பொத்தானைத் திருகிக்கொண்டே போகிறார். அவள் விரல் மடியிலேயே கிடக்கிறது.

அப்பனே, ஒரே ஒரு தடவை அது அசையட்டும்.