பிந்திப் போன சீட்டு

கோவிலில் இன்று நோயாளிகளுக்கான ஜெபச் சீட்டுகளை வாசித்தார்கள். உடனே தேக்காவில் நாங்கள் முன்பு இருந்த வீட்டின் கற்பூரத் தைல வாசனை மூக்கில் ஏறியது.

அப்போது எனக்கு ஏழு வயது. காய்ச்சலில் கிடந்த தங்கை எஸ்தருக்காக அப்பா வெள்ளிக்கிழமை சீட்டு கொடுத்தார். சனிக்கிழமை மாலை அவளைப் புதைத்தோம். சீட்டைத் திரும்பப் பெற யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிறன்று உபதேசியார், "எஸ்தர் சுகமடைய" என்று வாசித்துவிட்டார். அம்மா மட்டும் உரக்க "ஆமென்" என்றாள்.

"அவதான் போயிட்டாளே, எதுக்கு ஆமென் சொன்னே?" என்று அப்பா வீட்டில் கேட்டார்.

"ஆண்டவர் நல்லவருங்க. நம்ம சீட்டு பிந்திப் போயிருக்கும்."

முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் மனுக்களைப் பார்த்தவன் நான். பிந்தி வந்த மனுவையும் காரணம் எழுதித்தான் திருப்புவோம். அப்படியொரு பதிலுக்காக அம்மா சாகும்வரை காத்திருந்தாள்.

இன்றும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.