கருவடிக்குப்பத்து யுகுலேலி

மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு சாயங்காலங்களில் எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. முதலியார்பேட்டையில் ஒரு மாடி போர்ஷன், நானும் கணவரும் மட்டும். சேதராப்பட்டு கம்பெனியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது ஃபோனில் ஏதாவது வீடியோ பார்ப்பேன். அப்படித்தான் யுகுலேலியைப் பார்த்தேன். பார்க்கச் சின்ன கிடார் மாதிரி இருந்தது. நான்கே தந்தி. யாரோ ஒரு பெண் அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதை வாசித்துக்கொண்டிருந்தாள். இது நமக்கும் வரும் என்று தோன்றியது.

புதிதாகவே வாங்கியிருக்கலாம். பழைய சாமான் விற்கும் ஆப்பில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ‘நாற்பது வருஷம் கப்பலிலும் ஓட்டலிலும் வாசித்த கலைஞருடையது’ என்று போட்டிருந்தார்கள். நன்றாக வாசித்த கை பட்டதென்றால் எனக்கும் சீக்கிரம் படியும் என்று ஒரு நப்பாசை. ஞாயிற்றுக்கிழமை காலை கருவடிக்குப்பத்துக்குப் போனேன்.

கதவைத் திறந்த அம்மாள் அப்போதுதான் பூசைக்குப் போய் வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். கோயிலுக்குக் கட்டிய புடவையை இன்னும் மாற்றியிருக்கவில்லை. “வாம்மா, உக்காரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தார்.

தேன் நிறத்தில் இருந்தது யுகுலேலி. முன்கை படியும் இடத்தில் மட்டும் பாலிஷ் போய் மரம் கறுத்திருந்தது. கழுத்துப் பகுதியில் தந்திகளுக்கு அடியில் விரல்கள் அழுத்தி அழுத்திச் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்திருந்தன. நான் எதையும் அழுத்தாமல் ஒரு முறை தந்திகளை மீட்டினேன். அந்த அம்மாள் சட்டென்று திரும்பி உள்ளறைத் திரையைப் பார்த்தார்.

“எங்க வூட்டுக்காரரு உள்ளதான் இருக்காரு” என்றார் தணிந்த குரலில். “ஸ்ட்ரோக் வந்து ஒரு வருஷமாச்சி. எடது கை, எடது காலு சுத்தமா வரல. பேச முடியும்னுதான் டாக்டர் சொல்றாரு. இவுருதான் பேச மாட்டேங்குறாரு.”

“இத விக்கிறது அவுருக்குத் தெரியுமாக்கா?”

“கேட்டேன். கண்ண மூடிக்கிட்டாரு. செவுத்துல மாட்டியிருந்தா அந்தப் பக்கமே திரும்ப மாட்டாரு. அப்புறம் இன்னாத்துக்கு வெச்சிருக்கறது?”

கிளம்பும்போது திரை காற்றில் ஒதுங்கியது. கட்டிலில் ஒரு மெலிந்த மனிதர் மல்லாந்து படுத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளில் தொங்கிய பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து, வேலை முடிந்து வந்து டீ குடித்துவிட்டு ஃபோனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். முதல் பாடம் சி கார்டு. கார்டு என்றால் நான்கு தந்தியும் சேர்ந்து ஒலிக்கும்படி விரல் வைக்கும் முறை. நான்கு தந்திகளில் ஒன்றை மட்டும், மோதிர விரலால் மட்டும் அழுத்த வேண்டும். மற்ற விரல்களுக்கு வேலையில்லை. அந்த வாரம் முழுக்க அதையே வாசித்தேன். “எதிர்வீட்டு ஆளு காலி பண்ணிட்டுப் போயிடுவாரு போல” என்று கணவர் கிண்டல் செய்தார்.

வாரக் கடைசியில் அந்த அம்மாள் ஃபோன் செய்தார். வாத்தியம் நன்றாக இருக்கிறதா, தந்தி அறுந்துவிடவில்லையே என்றெல்லாம் விசாரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, “சாயங்காலத்துலதான் வாசிக்கிறியாம்மா?” என்று கேட்டார்.

“ஆமாக்கா. ஏன்?”

“ஒண்ணுமில்ல. அந்த நேரத்துல அவுரு எடது கையில ஒரு வெரலு அசையுது. மோதிர வெரலு மட்டும்.”

நான் என்ன பாடம் படிக்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை. நரம்பு திரும்ப உயிர் பிடிக்கிறதோ என்னவோ, டாக்டரிடம் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் எஃப் கார்டுக்குப் போனேன். அதற்கு இரண்டு விரல்கள். அந்த அம்மாள் திரும்பக் கூப்பிட்டார். நான் ஹலோ சொல்வதற்கு முன்பே, “இப்ப ரெண்டு வெரலும்மா” என்றார்.

என் கணவர் இதை நம்பவில்லை. “அந்த அம்மாவுக்கு வீட்ல பேச ஆளில்ல. உன்கிட்ட பேசறதுக்கு ஒரு சாக்கு” என்றார். நிஜமாகவே அப்படி இருந்தால் நல்லது என்றுதான் நானும் நினைத்தேன். அதனால் ஒரு நாள் சோதித்துப் பார்த்தோம். வீடியோ காலில் அந்த அம்மாள் ஃபோனை அவருடைய கைக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அங்கே சத்தம் கேட்காதபடி நான் என் பக்கம் மியூட்டில் போட்டேன். திரையில் கட்டில் விளிம்பும், வெள்ளைத் துண்டின்மேல் கவிழ்ந்து கிடந்த கையும் தெரிந்தன. அது மெழுகில் செய்த கை போலக் கிடந்தது.

சி வாசித்தேன். மோதிர விரல் மெல்ல மடங்கித் துண்டை அழுத்தியது.

எஃப் வாசித்தேன். அது விலக, வேறு இரண்டு விரல்கள் அழுத்தின.

ஜி கார்டு அப்போது எனக்குச் சரியாக வராது. மூன்று விரல்களையும் முக்கோணமாக வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் என் நடு விரல் பக்கத்துத் தந்திக்கு வழுக்கிவிடும். அன்றும் வழுக்கியது. திரையில் அவருடைய நடு விரலும் வழுக்கியது. நான் அதைச் சரிசெய்தேன். அதுவும் நகர்ந்து சரியான இடத்தில் உட்கார்ந்தது.

நாற்பது வருஷம் வாசித்த கை அந்தத் தப்பைச் செய்யாது. அது என்னுடைய தப்பு.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவர் முன்னறைக்குப் போய் டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அன்றே யுகுலேலியைப் பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். நாலைந்து நாள் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு அந்த அம்மாள் அழைத்தார். குரல் உடைந்திருந்தது.

“கைய இறுக்கி மூடிக்கிட்டாரும்மா. நானும் நர்சம்மாவும் சேந்து இழுத்தும் தொறக்க முடியல. நகம் உள்ளங்கையில குத்தி ரத்தம் வருது. நீ வாசிக்கறத நிறுத்திட்டியா?”

பொய் சொல்ல வரவில்லை. “பயமா இருந்துச்சிக்கா.”

“எனக்கு மட்டும் பயமில்லியா? நான் அவுரு பக்கத்துலயே இல்ல படுத்துக்கிறேன்?” என்றார். பிறகு, “ஒரு தடவ வாசிம்மா. புண்ணியமா போவும்.”

ஸ்டூல் போட்டு ஏறிப் பையை இறக்கினேன். ஃபோனை எங்கள் கட்டிலில் வைத்துவிட்டு சி கார்டைப் பிடித்து மெதுவாக மீட்டினேன். அந்தப் பக்கம் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. “தொறந்துகிச்சி” என்றார் அந்த அம்மாள். அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் விடவில்லை. காய்ச்சலடித்த நாளில்கூடப் படுத்துக்கொண்டே வாசித்தேன். வாசிப்பது எனக்காகவா அந்தக் கைக்காகவா என்று நான் யோசிக்கவில்லை. யோசித்தால் வாசிக்க முடியாது என்று தெரியும்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் இது வேறு மாதிரி ஆனது. காலையில் கம்பெனி பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த தோழி என் கையைப் பார்த்து, “இன்னாடி, டைப் அடிக்கிறியா?” என்றாள். என் இடது கை விரல்கள் கம்பியின் மேல் அழுத்துவதும் விலகுவதுமாக இருந்தன. நான் அதைச் செய்யவில்லை. நிறுத்த நினைத்தேன், நின்றது. கவனம் கொஞ்சம் விலகியதும் மறுபடி ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த கார்டுகள் அல்ல அவை. சுண்டு விரலை அவ்வளவு தூரம் நீட்டி நான் எதையும் கற்றுக்கொண்டதில்லை.

அன்று சாயங்காலம் யுகுலேலியை எடுத்து மடியில் வைத்தேன். விரல்கள் தாமாகவே அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்தன. வலது கையால் மீட்ட மீட்ட ஒரு பாட்டு வந்தது. சோகமென்றும் சொல்ல முடியாது, சந்தோஷமென்றும் சொல்ல முடியாது. யாரோ பக்கத்து அறையில் நடமாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல் இருந்தது. கணவர் வாசல்படியில் நின்று, “இத எப்ப கத்துக்கிட்ட?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை யுகுலேலியை எடுத்துக்கொண்டு கருவடிக்குப்பத்துக்குப் போனேன். திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அந்த அம்மாள் கையில் வாங்கிக்கொள்ளவில்லை. “அவுருகிட்டயே குடு” என்று உள்ளறைக்குக் கூட்டிப்போனார்.

முதல் முறையாக அவரை அருகில் பார்த்தேன். முகம் சவரம் செய்து சுத்தமாக இருந்தது. உள்ளங்கையில் நகக்காயங்கள் ஆறித் தழும்பாகியிருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்தப் பாட்டை வாசித்தேன். கட்டிலில் அவருடைய விரல்கள் என்னுடையவற்றுக்கு ஒரு நொடி முன்னாலேயே அசைந்தன. அவை அசைந்த பிறகுதான் என் விரல்கள் போயின.

அந்த அம்மாள் என் காதருகே குனிந்து, “இது இன்னா பாட்டும்மா?” என்றார். “இத்தன வருஷத்துல இத அவுரு வாசிச்சி நான் கேட்டதே இல்ல.”

பாட்டு உயர்ந்து ஒரு இடத்துக்குப் போனபோது அவர் தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். வாய் கோணியது.

“போதும்” என்றார்.

ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேசாத குரல். அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் நிறுத்திவிட்டு யுகுலேலியை அவர் பக்கத்தில் வைக்கப் போனேன். நல்ல கையால் அதைப் பிடித்து என் பக்கம் தள்ளினார். “மெர்சி, மதாம்” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். ஓட்டலில் கைதட்டியவர்களுக்குச் சொல்லிப் பழகியதாக இருக்க வேண்டும்.

அன்றோடு அந்தக் கை அசைவது நின்றுவிட்டது. நான் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அது துண்டின்மேல் அப்படியே கிடக்கிறது. ஆனால் அவர் பேசுகிறார். தண்ணீர் கேட்கிறார், காபியில் சர்க்கரை போதவில்லை என்கிறார். “நேத்து என்ன திட்டிட்டாரும்மா!” என்று அந்த அம்மாள் ஃபோனில் சந்தோஷமாகச் சொன்னார். அந்தப் பாட்டைப் பற்றி அவரிடம் கேட்டுப் பார்த்தாராம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

எனக்கு இப்போது பத்துப் பன்னிரண்டு கார்டுகள் தெரியும். சினிமாப் பாட்டுகூட வாசிக்கிறேன். நடுவில் சில நாள் அந்தப் பாட்டும் வருகிறது. அவர் போதும் என்று சொன்ன அந்த உயரமான இடம் வரை தடங்கல் இல்லாமல் போகிறது. அங்கே என் விரல்கள் நின்றுவிடுகின்றன. நானே ஏதாவது ஒரு கார்டை வைத்து முடித்துவிடலாமென்று பலமுறை பார்த்துவிட்டேன். விரல் நகர மாட்டேன் என்கிறது. இடது கையைக் கழுத்துப் பகுதியில் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கணவர் டீ ஆறுகிறது என்று இரண்டாம் முறை கூப்பிடும்போதுதான் கை விடும்.