அண்ணாமலையாரைத் திட்டிய மதியம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், அடியார்களே. மனைவியின் ரத்தத்தைப் பற்றி டாக்டர் சொன்னதில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, மீதிக்கு நானே டாக்டரானேன்.

சென்ற ஆண்டு என் மனைவி செல்வி மாசமாக இருந்தபோது, ரத்தப் பரிசோதனையில் சிக்கிள் செல் என்ற ரத்த அணுக் கோளாறின் கூறு இருப்பது தெரிந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தது, அதனால் நோய் இல்லை. என் பெரியம்மா விடவில்லை. "கெட்ட ரத்தத்த நம்ம தலையில கட்டிட்டாங்க" என்று எங்கள் ஊர் வேங்கிக்கால் முழுக்கச் சொல்லிவைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ரத்தம் உள்ளவர்களுக்கு மலேரியா முற்றுவது குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை ஊதிப் பெருக்கினேன். "பெரிம்மா, இவளக் கடிச்சா கொசுவுக்குத்தான் காய்ச்சல் வரும்." எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் நானே அதை நம்பிவிட்டேன்.

ஐப்பசியில், ஏழாம் மாதம், செல்விக்குக் குளிர்காய்ச்சல். "உடம்பு தூக்கித் தூக்கிப் போடுதுங்க, ஆஸ்பத்திரி போலாம்" என்றாள். "உனக்கெல்லாம் ஒண்ணும் வராது" என்று காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். மூன்று நாள். நான்காம் நாள் காலை, "குழந்த அசையல" என்றாள்.

ஆஸ்பத்திரியில் மலேரியா என்றார்கள். "கம்மியா தாக்கும்னுதானே சொன்னேன்? வரவே வராதுன்னு யார் சொன்னா?" என்றார் டாக்டர். குழந்தையின் துடிப்பு மெலிவாகக் கேட்கிறது, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார்.

வராந்தா ஜன்னலில் அண்ணாமலையார் மலை தெரிந்தது. கும்பிடக் கை எழவில்லை. என் மேலிருந்த ஆத்திரத்தையெல்லாம் அவர் மேல் கொட்டினேன். நெருப்பாய் நிற்பவன் நீ. அவள் உடம்பில் கொதிப்பதையும் எடுத்துக்கொள்ளேன், உனக்கென்ன பாரமா? தப்புச் செய்த என்னை எரி, அந்தக் குழந்தையை விடு. கிரிவலம் வருகிறேன் என்று பேரம்கூடப் பேசவில்லை. வாய்விட்டே திட்டியிருக்கிறேன் போலும். காவலாளி தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு நர்ஸ் கூப்பிட்டார். செல்வி என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஓர் உதை. எனக்கு வேண்டியதுதான்.

மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. மருந்தும் அந்த ரத்தமும் சேர்ந்து தாங்கியிருக்கும் என்றார் டாக்டர். இரண்டையும் சேர்த்து வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

மகளுக்கு இப்போது நான்கு மாதம். கோபம் இன்னும் ஆறவில்லை. பெரியம்மாவிடம் பேசுவதில்லை, கண்ணாடியில் தெரிகிறவனிடமும் அதிகம் வைத்துக்கொள்வதில்லை. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அன்றே ரத்தப் பரிசோதனைக்கு வண்டியை எடுக்கிறேன். அடியார்களே, கும்பிட முடியாத நாளில் திட்டுவதற்காவது அவரிடம் போங்கள். நம்புங்கள், கேட்பார்.

இதைச் செல்வியிடம் படித்துக் காட்டினேன். மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். எப்படி இருக்கிறது என்றேன்.

"காய்ச்சல்னு சொன்னப்ப என்னை நம்பியிருக்கலாம்."