எல்லோரும் கொடுத்த ஐந்து ஒன்பது

எண்பதுகளின் நடுவில் சில வருஷம், காலை ஏழு மணிக்கு என்னை நாலு பேர் 'சார்' என்று கூப்பிட்டார்கள். ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டின் பின்கட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்வரை நான் சார். பாலக்கரையில் நான் வேலை பார்த்த ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனதும் 'ஏம்ப்பா, என் செட்டு ஆச்சா?' தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதற்குமேல் என்ன மரியாதை கிடைக்கும்.

ஹாம் ரேடியோ என்று ஒன்று உண்டு. பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, சொந்தமாக செட் வைத்துக்கொண்டு அதே உரிமம் உள்ளவர்களோடு பேசலாம். நான் அந்தப் பரீட்சையை மனப்பாடம் செய்து எழுதினேன். எங்கள் வட்டாரத்துக்காரர்கள் தினமும் காலையில் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். திருச்சிக் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இந்தப் பேச்சுச் சுற்றை நடத்துவார். அவர் வரிசையாகக் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருவராகப் பேச வேண்டும். ஏரியல் கம்பி எத்தனை அடி, எந்த வால்வு சூடாகிறது, மழைக்கு முன்னால் ஏன் இரைச்சல் வருகிறது, இதெல்லாம்தான் பேச்சு.

ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர்கள் அவர் குரலுக்கு மார்க் போட வேண்டும். தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை. 'அஞ்சு ஒன்பது' என்றால் குறையே இல்லை என்று அர்த்தம். எங்கள் சுற்றில் எல்லோரும் எல்லோருக்கும் அதையேதான் போடுவார்கள். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம், அப்படி.

எனக்கு அது புரியவில்லை. நானே கட்டிய வால்வு செட் அது. பழைய சாமான்களை வைத்துக் கட்டியது. அது வெளியே எப்படி ஒலிக்கிறது என்று எனக்குத் தெரிய வழியில்லை. பக்கத்திலேயே ரிசீவரை வைத்துக் கேட்டால் அது திணறி அடைத்துக்கொள்ளும். தூரத்தில் இருப்பவர் சொன்னால்தான் உண்டு. கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன் நான். அடுப்பை அணைத்தோமா என்று காவேரிப் பாலத்திலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள். அதனால் தினமும் கேட்பேன், 'என் ஆடியோ எப்படி சார் இருக்கு?' என்று. தினமும் அஞ்சு ஒன்பது. இரண்டு வருஷம் அந்த மார்க்கை வாங்கிக்கொண்டு நிம்மதியாகக் கடைக்குப் போனேன்.

திருவெறும்பூர் பக்கம் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு என்ஜினியர் இருந்தார். வெளிநாட்டு செட், உயரமான ஏரியல், பட்டைக் கத்தரித்த மாதிரி குரல். ஒருநாள் காலை நான் பேசி முடித்து வழக்கம்போல் கேட்டதும், பேராசிரியர் கூப்பிடுவதற்கு முன்பே அவர் உள்ளே வந்தார்.

"சார், மரியாதை பார்த்துப் பார்த்து போதும்னு ஆயிடுச்சு. உங்க செட்டு ஆன் ஆனா காதுகுடுத்துக் கேக்க முடியல. எட்டாங்கிளாஸ் படிச்சவரெல்லாம் வால்வ வச்சுக் கட்டினா இப்படித்தான் இருக்கும். இதச் சொல்ல இங்க ஒருத்தருக்கும் வாயில்ல."

எட்டாம் வகுப்பு விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் முதலில் மனதில் ஓடியது. அப்புறம் பயம் வந்தது. அவர் டெல்லிக்கு எழுதிப் போட்டால் உரிமம் போய்விடும். உரிமம் போனால் அந்த ஏழு மணி போய்விடும். என் முறை வந்தபோது எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. கேள்வி மட்டும் கேட்டேன்.

"பரவுதா சார், இல்ல உறுமுதா? அதச் சொன்னீங்கன்னா சரி பண்ணிடுவேன்."

நியாயமான கேள்வி. குரல் பக்கத்து அலைவரிசைக்கும் வழிந்து பரவினால் மைக் பக்கம் பார்க்க வேண்டும். உறுமினால் கரண்ட் வரும் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

யாரும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அந்த வாரம் முழுக்கவும் சொல்லவில்லை. அவர்கள் என்ஜினியரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிடாமல் உள்ளே வந்தது தப்பு என்றார் ஒருவர். வந்தது தப்பு, சொன்னது தப்பில்லை என்றார் இன்னொருவர். தஞ்சாவூரில் நகைக்கடை வைத்திருந்தவர், சுற்றை இனிமேல் வாரம் ஒருவர் நடத்த வேண்டும் என்று ஆரம்பித்தார். பேராசிரியருக்கு அது சுருக்கென்று பட்டது. அப்படியானால் நாளைக்கே நீங்கள் நடத்துங்கள் என்றார். என்ஜினியர், நான் சொன்னது என்ஜினியரிங், இவர்கள் பேசுவது அரசியல் என்றார். என் முறை வரும்போதெல்லாம் அதே கேள்வியைக் கேட்டேன். 'உங்க பொறுமைக்கு ஒரு கும்பிடு சார்' என்று சொல்லிவிட்டு, மறுபடி அவர்கள் சண்டைக்குப் போவார்கள். போகிற போக்கில் எனக்கு அஞ்சு ஒன்பதும் போடுவார்கள்.

கடைசியில் பேராசிரியர்தான் சமாதானம் பேசினார். "நாமெல்லாம் நண்பர்கள். காலைல எழுந்து ஒருத்தர் மனச ஒருத்தர் நோகடிக்கவா இந்த ரேடியோ? ஞாயித்துக்கிழமை எல்லாரும் குடும்பத்தோட முக்கொம்புக்கு வாங்க. முகம் பாத்துப் பேசிக்குவோம்."

போனோம். என் மனைவி புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள். அணைக்கட்டுப் பூங்காவில் மரத்தடியில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். குரலை மட்டும் தெரிந்தவர்களை முகத்தோடு பார்ப்பது ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது. அவர்கள் எல்லோரும் பேண்ட்டில் வந்திருந்தார்கள். நான் வேட்டி. நகைக்கடைக்காரரின் மனைவி நல்ல மாதிரி. என் மனைவிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மாவு மில் சார் நீங்கதானா? எங்க வீட்டுல டெய்லி சொல்வாரே. ஏழு மணிக்கு மில்லு ஓட ஆரம்பிச்சிடுச்சும்பாரு. எங்க பசங்ககூட சிரிப்பாங்க."

பாவம், அந்த அம்மா மனதில் ஒன்றுமில்லை. சுற்றியிருந்தவர்கள் முகத்தைத்தான் நான் பார்த்தேன். பேராசிரியர் தண்ணீரைப் பார்த்தார். நகைக்கடைக்காரர் பாத்திரத்தைத் திறந்து மூடினார். ஒருவர் முகத்திலும் 'அது என்ன மாவு மில்?' என்கிற கேள்வி இல்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு வருஷமாக அஞ்சு ஒன்பது போட்டுவிட்டு, செட்டை அணைத்த பிறகு சிரித்திருக்கிறார்கள்.

அதைவிடக் கேவலம் ஒன்று. அந்த நிமிஷமே என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மாவு மில் என்றால் உறுமல்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்ஜினியர் என்னைத் தனியே கூப்பிட்டார். பேராசிரியர் அவரிடம் பேசியிருக்க வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப மன்னிச்சுக்குங்க சார். படிப்ப இழுத்திருக்கக் கூடாது. இனிமே அப்படிப் பேச மாட்டேன்." எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லை சார் என்றேன். வேறு என்ன சொல்ல. வேண்டாம் சார், நீங்க அப்படியே பேசுங்க என்று சொல்ல அப்போது எனக்குத் தோன்றவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இதுக்கா காலைல காப்பிகூட குடிக்காம உக்காருறீங்க?"

மறுநாளே செட்டைப் பிரித்தேன். கரண்டைச் சுத்தப்படுத்தி அனுப்பும் கண்டென்சர் வறண்டு போயிருந்தது. கடையிலிருந்து புதிது கொண்டுவந்து மாட்டினேன். பக்கத்தில் இருந்ததையும் சந்தேகத்துக்கு மாற்றினேன். மைக்கையும் கொஞ்சம் அடக்கி வைத்தேன். பூட்டிவிட்டு, பூட்டியது சரிதானா என்று மறுபடி திறந்து பார்த்தேன்.

சுற்றுக்கு வந்தேன். என்ன மாற்றினேன் என்று விவரமாகச் சொல்லி, உறுமல் போயிற்றா என்று கேட்டேன். பேராசிரியர் அஞ்சு ஒன்பது என்றார். தஞ்சாவூரும் அஞ்சு ஒன்பது. இவர்கள் பேச்சு எனக்கு இனி வேண்டாம். நான் காத்திருந்தது திருவெறும்பூருக்கு. கூப்பிட்டதும் வந்தார், வரிசைப்படி.

"குட் மார்னிங் சார். அஞ்சு ஒன்பது."

"பழைய உறுமல் இருக்கா சார்? நெஜத்தச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"அருமையா இருக்கு சார். ரொம்ப சந்தோஷம்."

தொழிற்சாலையில் மேலதிகாரியிடம் பேசுகிற குரல் அது. நான் விடவில்லை. மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். அருமை சார், அருமை சார். ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர் குடியிருப்புக்கே போனேன். வாசலில் நிற்க வைத்தே பேசினார். காப்பி வேண்டுமா என்று கேட்டார். உறுமல் பற்றிக் கேட்டதும் அவர் முகம் இறுகியது.

"சார், ஒரு தடவ சொல்லி ஊரே என்னைக் காட்டுமிராண்டின்னு பேசினது போதும். உங்களுக்கு அஞ்சு ஒன்பது. விட்டுடுங்க."

அதற்குப் பிறகு என் முறை வரும்போது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை வைத்துவிடுவேன். அதைச் சொல்லும்போதுகூட, இப்போது தஞ்சாவூரில் பையன்கள் சிரிக்கிறார்களோ என்று ஓடும். சில மாதத்தில் அதையும் சொல்லாமல் விட்டேன். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுவார். பிறகு என் பெயரைச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நான் கட்டிய செட் கடைசியில் நன்றாக ஒலித்ததா, இல்லையா? எனக்குத் தெரியாது. சொல்லக்கூடிய ஒரே ஆளுக்கு அவர்கள் மரியாதை கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.