தெற்குச் சுவர்ப் பட்டாணி

யாஸ்னாவுக்கு ஒரு பக்கத்தை உட்கார்ந்த இடத்திலேயே முடிக்க வராது. மூன்று வாக்கியம் மொழிபெயர்ப்பாள், எழுந்து விறகடுப்புக்குள் ஒரு கட்டையைத் தள்ளுவாள். இன்னும் இரண்டு வாக்கியம் போகும். ஜன்னலோரம் கிடக்கும் பின்னல் ஊசிகளை எடுத்து, நின்றபடியே ஒரு வரிசை போடுவாள். போட்டுக்கொண்டே அடுத்த வாக்கியத்துக்குச் சொல் தேடுவாள். சொல் கிடைத்ததும் ஊசியை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகும். ஒருமுறை ரொட்டிக் கூடைக்குள் இருந்தது. இன்னொரு முறை, மெர்கேன் என்ற அந்தச் செம்பட்டைப் பூனை அதன்மேல் படுத்துக்கொண்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாததுபோல் பார்த்தது.

வால்டிவியாவில் ஆற்றுக்கு மேலே, தகரக் கூரை போட்ட மர வீடு. மழைக்காலம் முழுக்க அந்தக் கூரைமேல் யாரோ பயறு கொட்டிக்கொண்டே இருப்பதுபோலச் சத்தம் கேட்கும். அடுத்த வீடு அக்கா மிரேயாவுடையது. மிரேயா விடிவதற்கு முன்பே ரொட்டிக் கடைக்கு வேலைக்குப் போவாள், மதியத்துக்கு மேல் சூடான ரொட்டியோடு தங்கை வீட்டுக்குள் நுழைவாள். தான் ஆறாம் வகுப்போடு நின்றதைப் பற்றி அவள் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை. தங்கை பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வருடம் போனதை மட்டும் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவாள்.

யாஸ்னா வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறாள். சலவை இயந்திரம், தண்ணீர் பம்பு, நாய்க்குப் பூச்சி மருந்து என்று எது வந்தாலும் அதன் கூடவே வரும் ஆங்கிலக் காகிதத்தை ஸ்பானிய மொழியில் எழுதித் தருவாள். "நாட்டுல இருக்கிற சலவை மெஷினுக்கெல்லாம் பேசக் கத்துக்கொடுத்தது என் தங்கச்சிதான்" என்பாள் மிரேயா. ஆனால் அந்தக் காகிதங்கள் எதிலும் யாஸ்னாவின் பெயர் இருந்ததில்லை. பூச்சி மருந்துச் சீட்டில் யார் பெயர் போடுவார்கள்?

அந்த வருடம்தான் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து ஒரு பதிப்பகம் அவளிடம் முழுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தது. இங்கிலாந்துக்காரப் பெண்மணி ஒருவர் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுதியது. அட்டையிலேயே, எழுதியவர் பெயருக்குக் கீழே, 'தமிழாக்கம்' என்று நம் புத்தகங்களில் போடுவதுபோல, மொழிபெயர்ப்பு யாஸ்னா ஓயார்சோ என்று வரும். மிரேயா அதை ரொட்டி வாங்க வந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாள். ரொட்டி வாங்காமல் மழைக்கு ஒதுங்கி நின்றவர்களிடமும் சொன்னாள்.

யாஸ்னா அந்தப் புத்தகத்தோடு கோடை முழுதும் மல்லுக்கட்டினாள். அங்கே வசந்தம் என்றால், பூமியின் தென்பாதியில் இருக்கும் இங்கே இலையுதிர்காலம். ஏப்ரலில் விதை என்று அந்த அம்மாள் எழுதியிருந்தால் அதை அக்டோபர் ஆக்க வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் படிப்பவன் விதையைப் பனியில் போட்டுவிடுவான். அதனால் மாதங்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். அவள் குணமே அப்படி. அக்காவுக்காகப் பின்னும் ஸ்வெட்டரில் எங்கோ கீழ் வரிசையில் ஒரு கண்ணி நழுவியிருப்பது தெரிந்தால், மேலே பின்னியது எல்லாவற்றையும் இழுத்து அவிழ்த்துவிடுவாள். மிரேயா மூன்றாவது குளிர்காலமாக அந்த ஸ்வெட்டருக்குக் காத்திருக்கிறாள். இதுவரை ஒரு கை வந்திருக்கிறது.

ஆகஸ்ட் மாதம். புத்தகம் கையைவிட்டுப் போய்விட்டது. யாஸ்னாவுக்குச் செய்ய வேலை இல்லை, உட்காரவும் முடியவில்லை. கறுப்புப் பூனை லூச்சே அவள் காலடியிலேயே நடந்து நடந்து களைத்து, விறகுப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அப்போதுதான் மிரேயா ரொட்டியோடு வந்தாள். பின்கதவைத் திறந்து தோட்டத்தைப் பார்த்தவள் அங்கேயே நின்றாள்.

"ஏண்டி யாஸ்னி, அந்தப் பட்டாணிக்கு என்ன? காமாலை வந்த மாதிரி நிக்குது."

"மழை ஜாஸ்தி."

"மழை என் வீட்டுலயும்தான் பெய்யுது. என்னோடது முழங்கால் தாண்டிடுச்சு. இது வெளிய வரலாமா, உள்ளயே போயிடலாமான்னு யோசிச்சிட்டு நிக்குது."

யாஸ்னா இரண்டு கண்ணி பின்னினாள்.

"அந்தச் சுவத்துல பாசியத் தவிர எதுவும் வந்ததில்லையேடி. அம்மா அங்க ஒரு கைக்குட்டை கூடக் காயப்போட மாட்டா. யாரு ஒன்ன அங்க போய் விதைக்கச் சொன்னா?"

"புத்தகத்துல போட்டிருந்தது. பட்டாணிய தெற்குச் சுவர ஒட்டி விதைக்கணும், அங்கதான் நாள் முழுக்க வெயில் நிக்கும்னு."

"எந்தப் புத்தகத்துல?"

"என் புத்தகத்துல."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. ஊசி நின்றது. அந்த அம்மாளின் நாட்டில் சூரியன் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து நடக்கும். இங்கே வடக்குப் பக்கமாக நடக்கும். மாதங்களையெல்லாம் திருப்பிப் போட்டவள் சூரியனை அங்கேயே விட்டுவிட்டாள். அது போதாதென்று, தான் எழுதியதை நம்பித் தன் தோட்டத்திலேயே இருட்டுப் பக்கம் பார்த்து விதைத்தும் விட்டாள்.

"பொறந்ததுலேருந்து இந்த வீட்டுலதான இருக்க? வெயில் எந்தப் பக்கம் வரும்னு தெரியாது?"

"தெரியும்."

"பின்ன?"

"அச்சுல வர்றதுன்னா நம்பிடறேன் போல."

"அடிப்பாவி, அச்சுல வர்றது நீ எழுதினதுதானே!"

மிரேயாவுக்குச் சிரிப்பு வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. ரொட்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"விடுடி. யாரு கண்டுபிடிக்கப் போறா? சாந்தியாகோவுல புத்தகம் வாங்கறவங்கள்ல பாதிப் பேரு மாடிக் கட்டடத்துல இருக்கறவங்க. செவுரே கெடையாது."

"மீதிப் பாதி?"

யாஸ்னா கைப்பேசியை எடுத்தாள், வைத்தாள். அடுப்பைத் திறந்தாள், மூடினாள். ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். யாரோ ஒருவர், எங்கோ ஒரு ஊரில், அவள் பெயர் போட்ட புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாசிச் சுவரின் ஓரமாக மண்ணைக் கொத்துவது கண்ணுக்குத் தெரிந்தது. சாந்தியாகோவிலிருக்கும் ரோமினாவை அழைத்தாள். அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவள்தான்.

"ரோமினா, புத்தகத்துல ஒரு தப்பு இருக்கு."

"எழுத்துப் பிழையா? எந்தப் பக்கம்?"

"இல்லைங்க, சூரியன்."

"என்னது?"

யாஸ்னா விளக்கினாள். ரோமினா குறுக்கே புகுந்தாள்.

"இருங்க. என் பால்கனிக்கு எதிர்ல இருக்கிற கட்டடத்துலதான் எப்பவும் வெயில் அடிக்குது. அது எந்தத் திசை?"

"பால்கனியில நின்னா மலை எந்தக் கைப்பக்கம்?"

"இடது."

"அப்ப நீங்க தெற்கப் பாத்து நிக்கிறீங்க. உங்க பக்கம் வெயில் வராது."

"அதானா! நானும் செடி மேல செடி வாங்கி வெச்சுப் பாத்துட்டேன், ஒண்ணுகூடப் பூக்கல. கடைக்காரன வேற திட்டிட்டு வந்தேன்." பிறகுதான் ரோமினாவுக்கு உறைத்தது. "ஐயோ யாஸ்னா, நாளைக்குக் காலைல அச்சுக்குப் போகுதே!"

"அட்டை?"

"அட்டை போன வாரமே அடிச்சாச்சு. உங்க பேரு அழகா வந்திருக்கு."

யாஸ்னா கணினியைத் திறந்தாள்.

"நான் இன்னைக்கே சரி பண்ணித் தர்றேன்."

"பதிப்பகப் பெரியவர்கிட்ட என்னன்னு சொல்றது? யாரு தப்புன்னுதான் முதல்ல கேப்பாரு."

"என் தப்புன்னு சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா அடுத்த புத்தகம்..."

"தெரியுதுங்க. சொல்லிடுங்க."

"சரி. நான் வேணும்னா கம்ப்யூட்டர்ல ஒரே தட்டு தட்டி, தெற்குன்னு இருக்கறதையெல்லாம் வடக்குன்னு மாத்திடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்! ஜெரேனியம் பூச்செடியோட பூர்வீகம் ஆப்பிரிக்காவோட தெற்கு முனை. அதப் பேத்து எடுத்து வடக்க நட்டுரும் கம்ப்யூட்டர்."

திருத்தம் ஆபீஸ் மூடுவதற்குள் வர வேண்டும் என்று சொல்லி ரோமினா வைத்துவிட்டாள்.

மிரேயா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, அச்சுப் படித் தாள்களின் முன்னால் உட்கார்ந்தாள். தெற்கு, வடக்கு என்று வரும் இடத்தையெல்லாம் அவள் விரல் வைத்துப் படிக்க வேண்டும். மாற்றுவதா, விடுவதா என்று யாஸ்னா கணினியில் பார்க்க வேண்டும். மிரேயா கோயில் வாசகம் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"'ரோஜாவை வடக்குக் காற்றிலிருந்து காப்பாற்றுங்கள். அது எலும்பைத் துளைக்கும்.'"

"அவங்க ஊர்ல வடக்குதான் குளிர். தெற்குன்னு மாத்து."

"'தக்காளிக்குத் தெற்குச் சரிவு சொர்க்கம்.'"

"வடக்குச் சரிவு."

"'என் கணவர் தெற்குக் கடற்கரைக்கு மீன் பிடிக்கப் போயிருந்த வாரம்...'"

"அவரு போகட்டும். விடு."

"பாவம், நல்லவேளை தப்பிச்சாரு." மிரேயா பக்கத்தைத் திருப்பினாள். ரோஜா அத்தியாயத்தின்மேல் மெர்கேன் வந்து உட்கார்ந்துகொண்டது. "எந்திரிடா துரை, உன் அடியில ரெண்டு வடக்கு இருக்கு."

வெளியே காற்று கூடியது. மின்விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. இந்த ஊரில் காற்றடித்தால் முதலில் போவது மின்சாரம்தான். யாஸ்னா எழுந்தாள், விளக்கையே பார்த்தாள், உட்கார்ந்தாள், மாற்றியதைச் சேமித்தாள், மறுபடி சேமித்தாள். மிரேயா விரலை ஒரு வரியின்மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"யாஸ்னி, 'கிழக்குச் சுவரில் காலை வெயில்'னு இருக்கு. தெற்கும் வடக்கும் மாறுதுன்னா, கிழக்கும் மேற்கும் மாறாதா?"

யாஸ்னாவின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. தெரிந்த விஷயம்தான். ஆனால் வெயில் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்த விஷயமாகத்தான் இருந்தது. இனி எதை நம்புவது? காலுறையோடு தோட்டத்துக்கு ஓடினாள். வானம் முழுக்க ஈரச் சாம்பல். சூரியன் எங்கே என்று தடம்கூட இல்லை. வேலியோரம், விறகு விற்கும் கிழவர் தோன் எலியாசர் கொண்டுவந்த கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தோன் எலியாசர்! சூரியன் எங்க உதிக்குது?"

அவர் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவளைத் தலையிலிருந்து நனைந்த காலுறைவரை பார்த்தார்.

"அதோ, மலைப்பக்கம், பாப்பா. நேத்து வரைக்கும் அங்கதான். ஏன், எதுவும் மாத்திட்டாங்களா?"

யாஸ்னா ஓடிவந்து உட்கார்ந்தாள். "மாறாது. கிழக்கு கிழக்குதான்."

"அப்பாடா" என்றாள் மிரேயா. "அதையும் மாத்தணும்னா நான் வீட்டுக்குப் போயிருப்பேன்."

மிரேயாவின் விரல் வரிவரியாக இறங்கியது. ரொட்டி ஆறிப்போனது. மாத்தே பானத்துக்காக அடுப்பில் ஏற்றிய தண்ணீர் கொதித்து வற்றியது. கடைசித் தாளைப் புரட்டியதும், "முதல்லேருந்து ஒருதரம்" என்றாள் யாஸ்னா. மிரேயா முதல் தாளை எடுத்தாள். இரண்டாம் முறையில் இன்னும் ஒரு தெற்கு அகப்பட்டது. கத்தரிக்காய்க்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

அனுப்பினாள். பிறகு அறைக்குள் நடக்கத் தொடங்கினாள். மிரேயா உட்காரச் சொல்லவில்லை. அது வீண் வேலை என்று அவளுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கும் சமயத்தில் ரோமினா அழைத்தாள்.

"வந்துடுச்சு, யாஸ்னா. பெரியவர் கத்தித் தீத்துட்டாரு. அப்புறம் அவரே பேனாவும் தாளும் எடுத்து சூரியன வரைஞ்சு பாத்துட்டு, அச்சகத்துக்கு ஃபோன் பண்ணி நிறுத்திட்டாரு. திங்கக்கிழமைதான் ஓடும். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அடுத்த வேலை பத்தி..."

"இப்ப கேக்காதீங்க. நானும் கேக்கல. கொஞ்ச நாள் போகட்டும்."

யாஸ்னா நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? சலவை இயந்திரக்காரர்களுக்கு மறுபடி எழுத வேண்டுமா? கேள்விகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. அவள் பின்னலை எடுத்து, எந்த வரிசை என்று பார்க்காமலே ஊசியைச் செலுத்தினாள்.

"என்ன சொன்னா?" என்றாள் மிரேயா.

"திங்கக்கிழமை அச்சாகும். சரியாத்தான் இருக்காம். அச்ச நிறுத்தி வெச்சிருக்காங்க."

"நிறுத்தி வெச்சிருக்காங்களா? ஒனக்காகவா?"

"தப்புக்காக."

மிரேயா கண்ணாடியைக் கழற்றி மேல்சட்டைப் பைக்குள் வைத்தாள், சால்வையைத் தலைமேல் இழுத்துக்கொண்டாள், கதவைத் திறந்தாள். வேலியோரம் தோன் எலியாசர் கடைசிக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தெருவில் யாரோ இரண்டு பேர் குடைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். மிரேயாவுக்கு அது போதும்.

"தோன் எலியாசர், கேட்டீங்களா? சாந்தியாகோவுல அச்சு மெஷின் ஓடறதுக்குத் தயாரா நிக்குது. என் தங்கச்சி இங்கேருந்து ஒரு ஃபோன் பண்ணினா. நிறுத்திட்டாங்க!"

யாஸ்னா பின்னலோடு வாசலுக்கு வந்தாள். "அக்கா! தப்பு பண்ணினதே நான்தான், அதச் சொல்லு!"

"அதையும் சொல்லத்தான் போறேன்" என்றாள் மிரேயா, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே. "நிறுத்தினத முதல்ல சொல்லிக்கறேன்."